ரீபேஸில் போன பெயர்

எனக்குக் குப்பை ஆகாது. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவேன். இதை வைத்து ஆபீஸில் என்னைப் படுத்தாத பாடில்லை. "டேய், டீ கிளாஸ எடுத்து வைங்கடா, அண்ணே பாத்தா அதையும் ரீபேஸ் பண்ணிருவாரு" என்பார்கள். காதில் விழாத மாதிரி போய்விடுவேன். விழுந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போவேன்.

எங்கள் ஆபீஸ் பசுமலையில், மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. பதினோரு பேர். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே நான் டீம் லீடர். பெயர்தான் பெரிது, வேலை என்னவோ மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துக் குறை சொல்வது.

ரீபேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் எழுதியதும் அதைச் சேமித்து, என்ன செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்பும் போடுவார்கள். அதற்குக் கமிட் என்று பெயர். யார் செய்தது, எப்போது செய்தது என்பதும் கூடவே தானாக ஏறிவிடும். இதையெல்லாம் பாதுகாத்து வைக்கும் மென்பொருளின் பெயர் கிட். மனுஷன் என்ன ஒழுங்காகவா வேலை செய்கிறான்? தப்பாக எழுதுவான், திருத்துவான், திருத்தியதும் தப்பு என்று மறுபடி திருத்துவான். அத்தனையும் வரிசையாகக் கிடக்கும். ரீபேஸ் என்பது அந்த வரிசையை எடுத்து, பத்தை ஒன்றாகச் சேர்த்து, வேண்டாததைத் தள்ளி, முதலிலிருந்தே நேராகச் செய்ததுபோல மறுபடி அடுக்குவது.

என் மனைவிக்கு இதை ஒருநாள் கல்யாண ஆல்பத்தை வைத்து விளக்கினேன். போட்டோக்காரர் ஆயிரம் படம் எடுப்பார், ஆல்பத்தில் நூறுதான் போடுவார், அந்த மாதிரி என்றேன். "அப்ப ஆல்பத்துல விட்டுப்போனவுக கோவிச்சுக்கிற மாட்டாகளா?" என்று கேட்டாள். கமிட்டுக்கெல்லாம் கோபம் வராது என்று சொல்லிச் சிரித்தேன்.

என் எதிர் மேசையில் ஒரு பெண் வேலை பார்த்தார். முப்பது வயது இருக்கும். அலங்காநல்லூர் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் இவர்தான். மகள் பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, எங்களிடம் ஒரு வருடக் கான்ட்ராக்டில் சேர்ந்தார். கான்ட்ராக்டில் இருந்த மூன்று பேரில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவோம் என்று சென்னையிலிருந்து சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் அவர் மகளைக் கணவரிடமும் அம்மாவிடமும் விட்டுவிட்டுச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "அவளை விட்டுட்டு ரெண்டு நாள் இருக்க மாட்டேண்ணே, கிறுக்குப் பிடிச்சிரும்" என்று ஒருமுறை சொன்னார்.

அவருக்குக் கொடுத்தது டோக்கன் வேலை. அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளை வைத்திருந்தது. இரண்டு கவுன்டரில் டோக்கன் கொடுப்பார்கள். திடீர் திடீரென்று ஒரே நம்பர் இரண்டு பேருக்குப் போய்விடும். டாக்டர் அறை வாசலில் நாற்பத்தொன்றாம் நம்பர்காரர்கள் இருவர் நின்று, நீயா நானா என்று சட்டையைப் பிடிப்பார்கள். நான் இரண்டு நாள் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. புது பிராஞ்ச் ஒன்றைத் தொடங்கி, அதாவது மற்றவர்களின் வேலையைத் தொடாமல் தனியாகச் செய்து பார்க்க ஒரு பாதையைத் தொடங்கி, அதில் ஒரு காலிக் கோப்பைப் போட்டு, 'டோக்கன் வேலை ஆரம்பம்' என்று ஒரு கமிட் வைத்து அவரிடம் தள்ளிவிட்டேன்.

அவர் ஏழு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். ஆஸ்பத்திரி அவர் வரும் வழியில் இருந்ததால் பாதி நாள் காலையில் அங்கேயே இறங்கி, நோயாளிகளோடு உட்கார்ந்து கவுன்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கமிட்டுகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவார். 'டோக்கன் 41 ரெண்டு பேருக்குப் போச்சு, ஏன்னு தெரியல.' 'நேத்து போட்டது தப்பு, எடுத்துட்டேன்.' 'இதுவும் இல்ல.' 'கரெண்டு போனாத்தான் வருது!' 'பஸ்ஸுக்கு நேரமாச்சு, மிச்சம் நாளைக்கு.'

"இதென்னம்மா, கமிட்டா, இல்ல வீட்டுக்காரருக்கு அனுப்புற வாட்ஸப்பா?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிச்சப்புறம் நல்லா எழுதிருவேண்ணே" என்று சிரித்தார்.

கண்டுபிடித்தும் விட்டார். கரெண்டு போய் இன்வெர்டருக்கு மாறும் அந்த இரண்டு நொடியில் ஒரு கவுன்டர் பழைய நம்பரையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, மின்விசிறி நின்று சுற்றுவதைப் பார்த்திருந்தால்தான் தெரியும். அவர் பார்த்திருந்தார். அன்றைக்கு எல்லாருக்கும் நானே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வேலையை மெயினில், அதாவது எல்லோருக்கும் பொதுவான பிரதியில், சேர்க்க உட்கார்ந்தேன். என் கமிட் ஒன்று, அவருடையது அறுபத்துமூன்று. 'இதுவும் இல்ல' என்பதெல்லாம் சென்னைக்காரர்கள் கண்ணில் பட்டால் என் மானம் என்ன ஆவது? அறுபத்து நாலையும் ஒன்றாகச் சேர்த்தேன். மேலே ஒரே ஒரு வரி, அழகான இங்கிலீஷில். பழைய பிராஞ்சை சர்வரிலிருந்து அழித்தேன். என் கம்ப்யூட்டரில் மிச்சம் மீதி இருந்ததையும், சும்மா விடுவேனா, ஒரு கட்டளை போட்டுத் துடைத்தேன். அதைப் பார்க்கும்போது எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.

பலதை ஒன்றாகச் சேர்த்தால், முதல் கமிட் யாருடையதோ அவர் பெயர்தான் மொத்தத்துக்கும் நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதிதாக வருபவர்களுக்கு நானே வகுப்பெடுத்துச் சொல்வது. அன்றைக்குத் தோன்றவே இல்லை. முதல் கமிட் என்னுடையது, அந்தக் காலிக் கோப்பு.

பதினேழு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சென்னை மேலாளர் போன் செய்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யப்போவதாகச் சொன்னார்.

"உங்க எதிர்ல உட்கார்றவங்க பேர்ல இந்த ரெண்டு மாசத்துல ஒண்ணுமே இல்லையே. டோக்கன் பிரச்சினையக்கூட நீங்களே இறங்கி முடிச்சிருக்கீங்க. அவங்களுக்கு வேண்டாம்னு நினைக்கிறோம்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "சார், கண்ணத் தொறந்து பாத்தீங்களா? ஏழு வாரம் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி பெஞ்சுல கெடந்து பண்ணுன வேலை அது."

"நீங்களே திறந்து பாருங்க" என்றார், அமைதியாக.

திறந்து பார்த்தேன். என் பெயர் இருந்தது. டோக்கன் வேலை முழுவதற்கும், ஒரு வரி விடாமல், என் பெயர். மேலாளர் இன்னும் லைனில்தான் இருந்தார். "சார், ரெண்டு நாள் குடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

எதிர் மேசை காலி. புது வசதி ஒன்றைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். போனில் சொல்ல மனம் வரவில்லை. வண்டியை எடுத்தேன். பைபாஸைப் பிடித்து, வைகைப் பாலம் தாண்டி, அலங்காநல்லூர் ரோட்டில் ஏறினால் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது. 'இந்த வருசம் நான் வெள்ளனயே நட்டுட்டேன்' என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்வார். அவர் சேற்றில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நட்டவர்களில் ஒருத்தர் பெயரைச் சொல் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அந்த ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், இந்த நினைப்பு வந்தது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் கடைசி பெஞ்சில், மடியில் லேப்டாப்போடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, இம்புட்டுத் தூரம்? ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேன்ல?"

"போன்ல சொல்ற விசயமில்லம்மா." பக்கத்தில் உட்கார்ந்தேன். "டோக்கன் வேலை பூராவும் எம் பேர்ல ஏறிருச்சு. ரீபேஸ் பண்றப்ப முதக் கமிட்டு என்னோடதுங்கிறத மறந்துட்டேன். அதப் பாத்துட்டு சென்னைல உனக்கு வேலை இல்லைங்கிறாக."

அவர் டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றார்.

அவ்வளவுதானா? விஷயம் விளங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பதற்றத்தில் குரல் ஏறி, நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளங்குதுண்ணே, மெதுவாப் பேசுங்க."

"எங்கிட்ட இருந்ததையெல்லாம் அழிச்சுத் தொலைச்சிட்டேன். உன் லேப்டாப்புல எங்கிட்டாச்சும் மிச்சம் கெடக்கான்னு தேடிப் பாரேன்."

"இருக்குண்ணே" என்றார். அவர் தேடவில்லை. நேராகத் திறந்து காட்டினார். 'என்னோட வேலை' என்று ஒரு பிராஞ்ச். அதில் 'ஏன்னு தெரியல' முதல் கடைசி வரை, அறுபத்துமூன்றும் அப்படியே, அவர் பெயரோடு, தேதியோடு.

"எஞ்சாமி!" என்று கத்தியேவிட்டேன். நர்ஸ் வந்து முறைத்தார். வாழ்க்கையில் ஒரு குப்பையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அது ஏன் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஒரு சபலம் தட்டியது. அந்த ஒற்றைக் கமிட்டில் என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை. வரலாறும் சுத்தமாகவே இருக்கும், யாரிடமும் அசடு வழியவும் வேண்டாம். ஆனால் சென்னையில் என்ன நினைப்பார்கள்? நேற்றுவரை ஒரு பெயர், முடிவு எடுக்கப்போகிறோம் என்றதும் வேறு பெயர். பாவம் பார்த்து மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பார்கள். அவர் உழைத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தப்பும் திருத்தமும்தான். அதைத்தான் நான் கூட்டித் தள்ளியிருந்தேன்.

புதன்கிழமை காலை எல்லாரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மெயினைப் பழைய கமிட்டுகளோடு திரும்ப அடுக்கப்போகிறேன், எல்லாரும் தங்கள் பிரதியைப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அரை நாள் வேலை கெடும், தப்பு என்னுடையது என்றேன்.

"அண்ணே, அள்ளுன குப்பைய மறுபடி நடு வீட்டுல கொட்டச் சொல்றீகளா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமாடா. கொட்டு. பேசாமக் கொட்டு."

யாரும் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. சென்னைக்கும் அதையே எழுதி அனுப்பினேன்.

அவருடைய லேப்டாப்பில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு பிராஞ்ச் எந்த நேரத்தில் உருவானது என்பதையும் கிட் ஓர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கும். சரிபார்ப்பதற்காக அதைத் திறந்தேன். 'என்னோட வேலை' உருவானது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், நாலு மணி பத்து நிமிடத்துக்கு. நான் ரீபேஸ் செய்து முடித்த மூன்றாவது மணி நேரத்தில். இரண்டு தடவை பார்த்தேன். அவர் டீயோடு வந்தபோது திரையில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை வீடியோவில் கூட்டம், இந்தப் பக்கம் அவரும் நானும். என் தப்பை நான் மறுபடி சொன்னேன். மேலாளர் அந்த அறுபத்துமூன்றையும் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தார். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழு தடவை தப்பாப் பண்ணியிருக்கீங்களே?" என்று அவரிடம் கேட்டார்.

"எட்டு சார். ஒண்ணுக்குக் குறிப்புல எழுதல" என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இல்லைன்னு ஆச்சு. கடைசியா இன்வெர்டர்தான் மிச்சம் இருந்துச்சு."

மேலாளர் சிரித்துவிட்டார். பிறகு இருபது நிமிடம் அந்த இரண்டு நொடியைப் பற்றியே கேள்வி கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. அவருக்குத்தான். ஆபீஸே கைதட்டியது. அவர் மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தார். அழுதுகொண்டே பேசுவது படிவரை கேட்டது. பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நானும் மேலே போனேன்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றேன். "அந்தப் பிராஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே எடுத்து வச்சிருக்க. அப்ப எம் பேரு ஏறுனத அன்னைக்கே பாத்துட்ட. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீக?"

"தெரியாம நடந்துபோச்சும்மான்னு சொல்லிருப்பேன்."

"எல்லாரும் அதைத்தாண்ணே சொல்லுவாக."

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு நாள். தினமும் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறோம். கத்திரிக்காய் வதக்கல் கொண்டுவந்தால் என் தட்டில் பாதி வைப்பார். என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டேதான் வைத்திருக்கிறார். அதில் அவருக்கு ஆச்சரியமும் இருந்திருக்கவில்லை.

"சரி, கேக்கல. சென்னைக்காச்சும் எடுத்துக் காட்டிருக்கலாம்ல?"

"உங்களை எதுத்துக்கிட்டு நான் சொன்னா நம்புவாகளாண்ணே?"

"அப்புறம் என்னத்துக்கும்மா அத எடுத்து வச்ச?"

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் ரேஷன் கார்டை எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நான் பாக்கத்தாண்ணே. தெனமும் தெறக்கும்போது உங்க பேரவே பாத்துக்கிட்டிருந்தா, நாமதான் பண்ணுனமான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் மாடி ஏறியிருந்தேன். கேட்டேன். "விடுங்கண்ணே, அதான் சரியாப்போச்சுல்ல" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார். நான் உடனே இறங்கவில்லை, இறங்கி அவருக்கு எதிரே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.